ஒரு வருட ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்திடலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 18 வயது. லீக் டூ பிரிவில் ஆடும் ஒரு கழகத்தில் இரண்டு வருடப் புலமைப்பரிசில் பயிற்சியை இந்தக் கோடையில் முடிக்கிறான். மத்திய பின்களத்தில் ஆடுகிறவன். கழகம் ஒரு வருடத் தொழில்முறை ஒப்பந்தம் தருகிறது. இன்னொரு வருடம் நீட்டலாம் என்றும் அதில் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்துவிட்டது. பயிற்சியாளர் என்னிடம் மகிழ்ச்சியோடு, “உங்கள் மகன் நல்லதொரு ஜேர்னிமேன் ஆக வருவான்” என்றார். அகராதியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கழகம் கழகமாக அலைவதும் ஒரு தொழிலா? எத்தனை வயது வரை? அதன் பிறகு என்ன? கணவர் படிக்கட்டும் என்கிறார். மகன் பேனாவைத் தேடுகிறான். உதைபந்து வீரர்களின் வரிக் கணக்குகளைப் பார்ப்பவர் என்ற முறையில் உங்கள் ஆலோசனை வேண்டும். (ஒரு தாய், ஹரோ)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சியாளர் சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் நித்திரையைக் கெடுத்தது அதுதான். ‘ஜேர்னிமேன்’ என்பதில் பயணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கேட்பதால் பலர் அதை ஊர்சுற்றி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன் வேர் ‘நாள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பழைய ஐரோப்பியக் கைவினைக் குழுமங்களில் பயிலுநர் காலத்தை முடித்து, தொழிலை முழுதாகக் கற்றுக்கொண்டு, சொந்தப் பட்டறை வைக்காமல் நாட்கூலிக்கு வேலை செய்தவருக்கு அந்தப் பெயர். நம் ஊர் நகைப் பட்டறையில், சங்கிலி செய்யவும் கல் பதிக்கவும் நன்றாகத் தெரிந்தும், கடைப் பலகையில் தன் பெயர் இல்லாத பத்தர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுப் பையனைப் பற்றி ஒரு பயிற்சியாளர் அப்படிச் சொன்னால், இவன் பெரிய நட்சத்திரம் ஆகாவிட்டாலும் இவனுக்குக் கூலி கொடுத்து வேலைக்கு வைக்க எப்போதும் யாராவது இருப்பார்கள் என்று அர்த்தம். அந்த உலகத்தில் அது பாராட்டுத்தான், கொஞ்சம் கஞ்சத்தனமான பாராட்டு.

அந்த வேலைக்கான சந்தை எவ்வளவு பெரியது என்பதை முதலில் கணக்காகப் பாருங்கள். பிரிமியர் லீக்கில் 20 கழகங்கள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ என்ற மூன்று பிரிவுகளில் தலா 24. ஆக மொத்தம் 92. ஒரு கழகம் நான்கு மத்திய பின்கள வீரர்களை வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால்கூட, நாடு முழுவதற்கும் 368 இடங்கள்தான். அதற்கும் கீழே உள்ள நெஷனல் லீக்கில் பெரும்பாலான கழகங்கள் முழுநேரச் சம்பளம் கொடுக்கின்றன என்பதால் இன்னும் ஒரு நூறு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் இங்கிலாந்தின் பயிற்சிக் கூடங்களிலிருந்து வெளியே வரும் இளைஞர்கள் எல்லோரும் இந்த இடங்களுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தனி. அந்த வரிசையில் உங்கள் மகனை ஒரு கழகம் கைநீட்டி அழைத்திருக்கிறது. இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அவருடைய தயக்கமும் நியாயமானதே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொழிலின் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. லீக் டூவில் ஒரு பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள். அவற்றோடு கிண்ணப் போட்டிகளும் சேரும். மே மாதத்தில் கழகங்கள் யாரை வைத்திருக்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியலை வெளியிடும். அதற்கு முன் வீரர்கள் ஒவ்வொருவராக முகாமையாளரின் அறைக்குள் போய் வருவார்கள். சிலருக்கு அரை மணி நேரம், சிலருக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் வெளியே வந்தவர் தன் பூட்சுகளைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு காருக்குப் போவார். ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம் முடியும். ஜூலையில் வேறொரு கழகத்தின் பயிற்சி ஆட்டத்தில், அணிப் பட்டியலில் பெயர் இல்லாமல் ‘ட்ரையலிஸ்ட்’, அதாவது சோதித்துப் பார்க்க வந்தவர், என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் ஆடுவார். பத்து வருட அனுபவமுள்ளவரும் அப்படி ஆடுவதுண்டு. இதைத் தாங்கும் மனம் உங்கள் மகனுக்கு உண்டா என்பது திறமையைவிடப் பெரிய கேள்வி.

என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதல் தடவை வந்தபோது அவருக்கு 34 வயது, மூக்கு இடப்பக்கமாக வளைந்திருந்தது, கையில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் ஒன்பது பி45 படிவங்கள். வேலையை விட்டு விலகும்போது முதலாளி கொடுக்கும் அந்தத் தாளை நம்மில் பலர் வாழ்நாளில் மூன்று நான்கு தடவை பார்த்திருப்போம். அவர் 14 பருவங்களில் பன்னிரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தார். அவற்றில் இரண்டுக்கு மட்டும் இரண்டு வருட ஆயுள், மீதிப் பத்தும் ஒரு வருடம். லோனில், அதாவது தன் கழகத்திலிருந்து தற்காலிக இரவலாக, போய் ஆடிய கழகங்களுக்குப் படிவம் இல்லை, ஏனென்றால் லோன் காலத்தில் முதலாளி மாறுவதில்லை. தகர மூடியின் உட்பக்கத்தில் அவருடைய மனைவி, மகள் படித்த மூன்று ஆரம்பப் பள்ளிகளின் பெயர்களைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். அவர் என்னிடம் வந்த காரணம், வங்கி வீட்டுக் கடன் தர மறுத்ததுதான். 14 வருடம் ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருந்ததில்லை, ஆனாலும் பதினோரு மாதத்துக்கு அப்பால் வருமானம் உண்டு என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை.

இந்த மனிதரின் வாழ்க்கையைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் எப்படி 14 வருடம் தாக்குப்பிடித்தார் என்பதைக் கவனித்தால் உங்கள் கேள்விக்கான விடை கிடைக்கிறது. அவர் ஒருபோதும் அதிகச் சம்பளம் கொடுத்த கழகத்துக்குப் போகவில்லை. தன்னைக் களத்தில் இறக்கும் கழகத்துக்கே போனார். பின்கள வீரர் ஒருவரின் மூலதனம் அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. முன்கள வீரர் ஒருவர் பத்து நிமிடம் இறங்கி ஒரு கோல் அடித்தால் செய்தியாவார். பின்கள வீரரைப் பத்து நிமிடத்தில் யாரும் மதிப்பிட முடியாது. அவர் நாற்பது ஆட்டங்களில் என்னென்ன தவறு செய்யவில்லை என்பதைப் பார்த்துத்தான் இன்னொரு முகாமையாளர் அவரை வாங்குவார்.

பொதுவெளியில் அறியப்பட்ட சிலரின் பாதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். கிரிம்ஸ்பியில் பிறந்த டோனி ஃபோர்ட் 1975-இல் தன் ஊர்க் கழகத்தில் 16 வயதில் தொடங்கினார். ஸ்டோக், வெஸ்ட் புரோமிச், ஸ்கந்தோர்ப், மான்ஸ்ஃபீல்ட் என்று போய் 2001-இல் ரொச்டேலில் முடித்தார். இளமையில் வலது விளிம்பில் முன்னே ஆடியவர் வயது ஏற ஏறப் பின்களத்துக்கு இறங்கிக்கொண்டார். 931 லீக் ஆட்டங்கள்: கோல் காப்பாளர்களை விட்டுவிட்டால் ஆங்கில லீக் வரலாற்றில் அதற்கு மேல் யாரும் இல்லை. கவன்ட்ரியில் பிறந்த கிரஹாம் அலெக்சாண்டர் ஸ்கந்தோர்ப், லூட்டன், பிரெஸ்டன், பேர்ன்லி என்று வலது பின்களத்தில் உழைத்தவர். 2009-இல் பேர்ன்லி மேலேறியபோதுதான், 37 வயதில், முதன்முதலாகப் பிரிமியர் லீக் மைதானத்தில் கால் வைத்தார். எல்லாப் போட்டிகளையும் சேர்த்து ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டி 2012-இல் ஓய்வுபெற்றார். தந்தை வழியில் ஸ்கொட்லாந்துக்காக 40 தடவை ஆடியதும் முப்பது வயதுக்குப் பிறகுதான்.

டான் பேர்னைப் பற்றி உங்கள் மகன் நிச்சயமாகச் சொல்லியிருப்பார். மத்திய பின்களத்தில் ஆடும் எந்த இளைஞனும் இப்போது அவரைத்தான் சொல்கிறான். 11 வயதில் நியூகாசில் அவரை வேண்டாம் என்று அனுப்பியது. பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் என்ற சிறிய கழகத்தில் ஆடிக்கொண்டு அஸ்டா கடையின் கார் தரிப்பிடத்தில் வண்டில்களைச் சேர்த்தார். டார்லிங்டன், பிறகு ஃபுல்ஹாம். ஃபுல்ஹாம் அவரைத் தன் மாற்று வீரர் வாங்கில் வைத்திருக்காமல் யோவிலுக்கு லோனில் அனுப்பியது. 2013-இல் வெம்ப்ளியில், மேல்பிரிவுக்கு ஏறுபவரைத் தீர்மானிக்க நடந்த லீக் வன் பிளே-ஓஃப் இறுதியில் பிரென்ட்ஃபோர்டை யோவில் வென்றபோது அடித்த இரண்டு கோல்களில் ஒன்று அவருடையது. பேர்மிங்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி 2022 ஜனவரியில் நியூகாசிலுக்கே திரும்பி வந்தார். 2025 மார்ச்சில் லிவர்பூலுக்கு எதிரான லீக் கிண்ண இறுதியில் கோல் அடித்து, அதே வாரத்தில் 32 வயதில் இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம் ஆடினார். கதை உண்மைதான். ஆனால் அதன் முடிவை வைத்து உங்கள் மகனின் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். அதன் நடுப்பகுதியை, யோவில் பகுதியை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்கள வீரர்களுக்கு ஏன் ஆயுள் நீளம் என்பதை நேரில் பார்க்க விரும்பினால், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்குப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் மட்டும் இருக்கும் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் குரல் தெளிவாகக் கேட்கும். நல்ல மத்திய பின்கள வீரர் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே இருப்பார்: முன்னே போ, விடு, உன் ஆள், வலது தோளைப் பார். பந்து மறுபாதியில் இருக்கும்போதே அடுத்த ஆபத்துக்கு ஆட்களை நகர்த்திக்கொண்டிருப்பார். வேகம் 30 வயதில் குறையத் தொடங்கும். இந்தக் குரல் அப்போதுதான் முதிரும். கீழ்ப்பிரிவு முகாமையாளர்கள் 33 வயதுக்காரருக்கு இன்னொரு வருடம் கொடுப்பது இதற்காகத்தான். நம் வீடுகளில் பெரியவர்கள் முன் சத்தமாகப் பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு இது சில வேளை கடினமாக இருக்கிறது. உங்கள் மகன் களத்தில் பேசுகிறாரா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அவருடைய உயரத்தைவிட அந்தப் பதில் எனக்கு அதிகம் சொல்லும்.

இனி ஒப்பந்தம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த நீட்டிப்பு உரிமையை முதலில் கவனியுங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் அந்த உரிமை பெரும்பாலும் கழகத்துக்கு மட்டுமே உண்டு. அடுத்த மே மாதத்தில் கழகம் விரும்பினால் உங்கள் மகன் இன்னொரு வருடம் இருந்தே ஆக வேண்டும். விரும்பாவிட்டால் அவர் வெளியே. இரண்டாவது வருடத்துக்குச் சம்பளம் உயருமா என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதிவையுங்கள். அது நியாயமான கோரிக்கை, யாரும் கோபிக்கமாட்டார்கள். இன்னொன்று: 24 வயதுக்கு உட்பட்ட வீரருக்கு, ஒப்பந்தம் முடியும்போது கழகம் பழையதற்குக் குறையாத புதிய ஒப்பந்தத்தை முன்வைத்து அவர் மறுத்தால், அவரைச் சேர்க்கும் புதிய கழகத்திடம் பழைய கழகம் பயிற்சி இழப்பீடு கேட்கலாம். கழகம் எதையும் முன்வைக்காவிட்டால் அவர் கட்டணமின்றிப் போகலாம். பெரிய கழகங்களுக்கு அந்த இழப்பீடு சில்லறைக் காசு. சிறிய கழகம் ஒன்று அதற்காகவே உங்கள் மகனை வேண்டாம் என்று சொல்லலாம்.

சம்பளம் என்று ஒரு தொகையைச் சொல்லியிருப்பார்கள். அதை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, களமிறங்கினால் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு, வெற்றிக்கான ஊக்கத்தொகை எவ்வளவு. முதல் வருடத்தில் அவர் பெரும்பாலும் வாங்கில்தான் இருப்பார், அல்லது லோனில் போயிருப்பார். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வருமானமாக வைத்து வாடகை, பெற்றோல், சாப்பாடு எல்லாவற்றையும் கணக்கிடுங்கள். மற்றவை வந்தால் அவற்றைத் தொடாமல் சேமிப்பில் போடச் சொல்லுங்கள். ஒரு ஜூலை மாதம் சம்பளம் இல்லாமல் போகும்போது அது உதவும். காருக்குக் காப்புறுதி எடுக்கும்போது தொழில் உதைபந்து வீரர் என்று எழுதினால் கட்டணம் எக்கச்சக்கமாக உயரும். கடை உதவியாளர் என்று எழுதச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். எழுத வேண்டாம், விபத்து ஒன்று நடந்தால் அந்தக் காப்புறுதி செல்லாமல் போகக்கூடும்.

முகவர்களைப் பற்றி இரண்டு வரி போதும். இந்த நிலையில் உங்கள் மகனுக்கு முகவர் கட்டாயம் இல்லை. தொழில்முறை வீரர்களின் சங்கமான பி.எஃப்.ஏ. தன் உறுப்பினர்களுக்கு ஒப்பந்த ஆலோசனை தருகிறது. முகவர் ஒருவரை வைத்தே தீரவேண்டும் என்றால், அவருடைய கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகன் சார்பில் கழகம் செலுத்தினால், வரித் திணைக்களம் அதை உங்கள் மகன் பெற்ற நன்மையாகக் கருதி அதற்கு அவரிடம் வரி கேட்கும். கையில் வராத பணத்துக்கு வரியா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஓர் இளைஞர் என் அலுவலகத்தில் திகைத்து நிற்கிறார்.

அந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு வருட ஒப்பந்தத்தைப் பார்த்து நீங்கள் பயப்படும் அதே வேளையில், அதற்குள் ஒரு சுதந்திரமும் இருக்கிறது. 1907-இல் மான்செஸ்டரில் சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர் சார்லி ரொபர்ட்ஸ், மான்செஸ்டர் யுனைடட் அணியின் மத்திய பின்கள வீரர். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் வீரரை விடாமல் பிடித்து வைத்திருக்க முடிந்தது; சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. 1961-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டபோது அது வாரத்துக்கு 20 பவுண். ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்து வைக்கும் முறை நியாயமற்றது என்று ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரரின் வழக்கில் 1963-இல் நீதிமன்றம் சொன்னது. 1995-இல் பொஸ்மன் என்ற வீரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகுதான் ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமின்றி விரும்பிய இடத்துக்குப் போக முடிந்தது. 2020-இல் லீக் வன், லீக் டூ கழகங்களுக்குச் சம்பள உச்சவரம்பு திரும்பவும் கொண்டுவரப்பட்டபோது, சங்கம் அதை எதிர்த்து வாதாடி 2021 பெப்ரவரியில் நீக்கவைத்தது. ஆகவே கையெழுத்திட்ட கையோடு உங்கள் மகனைச் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.

கழகமே இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. பெரி என்ற ஊரின் கழகம் 2019-இல் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்க முடியாமல் திணறிய அதே வசந்தத்தில் லீக் வன்னுக்கு மேலேறியது. அந்த ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1894 முதல் லீக்கில் இருந்த கழகம், புதிய பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த வருடம் மக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. நொடிந்த கழகம் லீக்கில் தொடர வேண்டுமானால் வீரர்களின் சம்பளப் பாக்கியை முழுதாகத் தீர்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கழகமே போய்விட்டால் விதி யாரைப் பிடிக்கும்? கையெழுத்துக்கு முன் கழகத்தின் கடைசி இரண்டு வருடக் கணக்குகளைக் கம்பனிப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த மட்டத்தில் நட்டம் சாதாரணம். அந்த நட்டத்தை யார் தாங்குகிறார், கணக்குகள் காலதாமதமாகத் தாக்கல் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மத்திய பின்கள வீரரின் வேலையில் பெரும்பகுதி தலையால் நடக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் மரணப் பதிவுகளைப் பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்: மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது வீரர்களிடையே ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம். 2021-இல் அதே குழு இந்நோய்களின் அபாயத்தை ஆடும் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, கோல் காப்பாளர்களுக்கு அபாயம் பொதுமக்களுக்கு உள்ளதைப் போலவே இருந்தது. பின்கள வீரர்களுக்கு அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. அவர்கள் பழைய காலத்து வீரர்கள் என்பது உண்மை. உங்கள் மகனுக்கும் அதே எண் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. 2021 கோடையிலிருந்து இங்கிலாந்தில் வாரப் பயிற்சியில் வேகமான பந்துகளைத் தலையால் அடிப்பது பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டல் இருக்கிறது. அந்தக் கழகத்தில் அதை யார் எண்ணுகிறார் என்று கேளுங்கள். தலையில் அடிபட்டால் முகாமையாளர் என்ன சொன்னாலும் மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்பதை மகனிடம் நீங்களே சொல்லுங்கள். 18 வயதில் அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் தலைவலியை மறைப்பார்கள்.

இனி உங்கள் கணவரின் பக்கம். எத்தனை வயது வரை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் சரியாக அமைந்தால் 34, 35. அமையாவிட்டால் 20. இரண்டு வயதிலும் கையில் வேறொரு தொழில் வேண்டும். ஆட்டத்தையும் படிப்பையும் சேர்த்துக் கொண்டுபோனவர்கள் உண்டு: யோர்க், ஒக்ஸ்ஃபோர்ட், ஹெரிஃபோர்ட், வோல்சால், போர்ட் வேல், ஸ்விண்டன் என்று வலது பின்களத்தில் ஆடிய பென் பேர்கிஸ் பட்டதாரி, 2017-இல் பி.எஃப்.ஏ. தலைவராகவும் தெரிவானார். சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்துவிட்டுக் கழகங்களிலேயே வேலைக்குச் சேர்ந்த முன்னாள் வீரர்கள் பலர். பயிற்சி பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். மீதி நேரத்தை விளையாட்டுக் கணினியும் தொலைபேசிச் சூதாட்டமும் பிடித்துக்கொள்ளும் முன் பகுதிநேரப் படிப்பு ஒன்று பிடித்துக்கொள்ளட்டும். சூதாட்டத்தை நான் சும்மா சொல்லவில்லை. என் கோப்புகளில் காயத்தால் அழிந்ததைவிட அதனால் அழிந்த சேமிப்புகள் அதிகம்.

முகாமையாளர், பயிற்சியாளர் வேலைகளும் இந்த ஜேர்னிமேன் கூட்டத்திலிருந்தே ஆட்களை எடுக்கின்றன. ஷோன் டைச் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கி நோர்தம்ப்டனில் முடித்த மத்திய பின்கள வீரர், உச்சப் பிரிவில் ஒரு லீக் ஆட்டமும் ஆடாதவர். பேர்ன்லியை முகாமையாளராக இரண்டு தடவை பிரிமியர் லீக்குக்கு உயர்த்தினார். கிறிஸ் வைல்டர் ஷெஃபீல்ட் யுனைடட், ரொதர்ஹாம், நொட்ஸ் கவுண்டி, பிராட்ஃபோர்ட், பிரைட்டன், ஹாலிஃபாக்ஸ் என்று அலைந்த வலது பின்கள வீரர். 2019-இல் அதே ஷெஃபீல்ட் யுனைடட்டைப் பிரிமியர் லீக்கில் சேர்த்தார். வாங்கில் இருந்தும் பயண பஸ்ஸில் இருந்தும் பத்து முகாமையாளர்களின் நல்லதையும் கெட்டதையும் பார்த்தவர்கள் இவர்கள். ஆனால் அந்த நாற்காலிகள் வீரர்களின் இடங்களைவிடவும் குறைவு. ஆகவே அதை ஒரு திட்டமாக எண்ணாமல், முப்பதை நெருங்கும்போது பயிற்சியாளர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பெற்றுக்கொள்ளட்டும்.

ஆகவே என் ஆலோசனை: கையெழுத்திடலாம். பல்கலைக்கழக இடத்தை விட்டுவிடாமல், ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள்; பல துறைகள் சம்மதிக்கின்றன. பதில் எழுத்தில் வரட்டும். கையெழுத்துக்கு முன் மகன், நீங்கள் அல்ல, முகாமையாளரிடம் நேரில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “எனக்கு முன்னால் எத்தனை மத்திய பின்கள வீரர்கள் இருக்கிறார்கள், நான் எங்கே ஆடுவேன்?” ஒழுங்கான முகாமையாளர் ஒளிக்காமல் சொல்வார்: நீ ஐந்தாவது ஆள், செப்டம்பரில் உன்னை நெஷனல் லீக் கழகம் ஒன்றுக்கு லோனில் அனுப்புவேன், அங்கே வாரந்தோறும் ஆடு. அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய பதில். அங்கே 35 வயது முன்கள வீரர் ஒருவர் முழங்கையால் விலாவில் குத்தி உங்கள் மகனுக்குத் தொழில் கற்பிப்பார். சம்பளத்தை வீட்டுக் கடனுக்கு எண்ணிக்கொண்டிருக்கும் சக வீரர், ஒரு தவறுக்கு அவரைத் திட்டித் தீர்ப்பார். அப்படி முப்பது ஆட்டங்கள் ஆடிவிட்டு வந்தால், அடுத்த மே மாதத்தில் இந்தக் கழகம் விட்டாலும் இன்னொன்று அழைக்கும். “பார்க்கலாம், முதல் அணியோடு பயிற்சி செய், வாய்ப்பு வரும்” என்று மட்டும் பதில் வந்தால் எனக்குத் தயக்கம் இருக்கும். வாய்ப்பு வராத ஒரு வருடம் 18 வயதுப் பின்கள வீரருக்குப் பெரிய இழப்பு. அந்த நிலையில் குறைந்த சம்பளத்துக்கு, ஆடவைக்கும் சிறிய கழகம் ஒன்றைத் தேடலாம். அல்லது கணவர் சொல்வதைக் கேட்டுப் பல்கலைக்கழகம் போய்க்கொண்டே அரைநேரக் கழகமொன்றில் ஆடலாம்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாதை புதிது என்பதால் உறவினர்கள் கேட்பார்கள். பார்ன்ஸ்லி கழகத்துக்காக விமல் யோகநாதன் 2023-இல் களமிறங்கியபோது, பிரித்தானியத் தொழில்முறை உதைபந்தில் ஆடும் முதல் தமிழர் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் நடுக்கள வீரர். பின்களத்துக்கு இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. தபாலில் வரும் தாள்கள் எல்லாவற்றையும், சம்பளச் சீட்டு, ஒப்பந்தப் பிரதி, வருடக் கடைசியில் வரும் பி60, விலகும்போது வரும் பி45, எதையும் எறியாமல் போட்டு வைக்க வீட்டில் ஒரு பெட்டியை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். உங்கள் மகன் தன் வாடகை அறையில் வைத்திருக்கமாட்டார். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் அந்தப் பெட்டியைத்தான் கேட்பார்கள்.